இன்னொருவர் வில்லையில் போன கை

விபத்து நடந்த அன்று அந்தப் பார்ஜில் வேலை செய்துகொண்டிருந்தவர் யார்?

தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கிற தொழிற் கந்தோரில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்துக் கதிரையில் என் கணவர் இருந்தார். அவருடைய வலது கை துவாயில் சுற்றியபடி மடியில் கிடந்தது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் இருந்த மூன்றும் இல்லை. இதைவிட என்ன பதில் வேண்டும்? துவாயை அவிழ்த்துக் காட்டுவோமா என்று யோசித்தேன். அப்படிச் செய்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். எப்படியும் அந்த அதிகாரி கேட்டது அதை அல்ல. எழுத்தின்படி யார் என்று கேட்டார். அதற்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் பின்புறம் உள்ள ஒழுங்கையில் இருக்கிறது. குசினியில் நின்றாலே கப்பலின் பாரந்தூக்கி இரைவது கேட்கும். கப்பல்கள் கரையோடு வந்து நிற்பதில்லை. குடாவின் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். மாவும் சீனியும் பார்ஜ் என்கிற தட்டைப் படகுகளில் இறங்கிக் கரைக்கு வரும். தேயிலைப் பெட்டிகள் அதே வழியால் ஏறிப் போகும். இந்த ஏற்றி இறக்கும் வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்த கொம்பனி ஒன்று இருக்கிறது. கொம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் கங்காணி. ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, அதில் இலக்கம் வெட்டியிருக்கும். காலையில் துறைமுக வாசற் படலையடியில் அதைக் கொடுத்தால் அன்றைக்கு வேலை. கூப்பிட்ட நாளில் வராதவனுடைய வில்லை பலகையில் கடைசி ஆணிக்குப் போய்விடும். பிறகு முறை வரும்வரை வீட்டில் இருந்து பாரந்தூக்கி இரைவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கப்பலுக்குப் பொங்கலும் இல்லை, பெருநாளும் இல்லை. ஒரு நாள் சுணங்கினாலும் கொம்பனி கப்பற்காரனுக்குத் தண்டம் கட்ட வேண்டும். ஆகவே எங்கள் ஆட்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். ஒரு சைவ ஆளும் ஒரு முஸ்லிம் ஆளும் சோடி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம் ஆள் தன் சோடிக்காரருடைய வில்லையைக் கொண்டு வேலைக்குப் போவார். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சைவ ஆள் போவார். மாற்றுக்குப் போகிறவருக்குச் சொந்த முறை இல்லாத நாளாகக் கங்காணி பார்த்துக்கொள்வார், இரண்டு வில்லையும் கடைசி ஆணிக்குப் போகாது. கப்பலும் நிற்காது. இதற்கு ஆட்கள் வைத்த பெயர் பெருநாள் மாற்று. யாரும் ஒளித்துச் செய்யவில்லை. யார் யாருக்குச் சோடி என்று தீர்மானித்ததே கங்காணிதான். கொம்பனிக் கிளாக்கர் படலையடியில் நின்று, "என்ன, இண்டைக்கு நீர் அவரோ?" என்று பகிடி விட்டபடியே வில்லையை வாங்கிப் போடுவார்.

என் கணவருக்குச் சோடி, துறைக்கு அப்பால் உள்ள கிண்ணியா என்ற ஊர்க்காரர். அவர்கள் அண்ணனைச் சொல்வதுபோல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். இவருக்கும் அவருக்கும் ஒரே வயது. இருவரும் ஒரே பார்ஜில் நின்றவர்கள். நானாவுக்கு நான்கு பிள்ளைகள்.

அந்த ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் இவர் நானாவின் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானத்துக்கு முன் நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழுகை முடித்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் துறையைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருந்தார். புதுச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் சோற்றுச் சட்டி. தன் வேலையைச் செய்யப் போனவனின் வீட்டுக்கு முதல் சோறு கொண்டுவருவது அவர்களின் வழக்கம். அரிசியும் கிடைக்காமல், ஒரு இறாத்தல் பாண் ரொட்டிக்கு விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. இறைச்சியும் சோறும் மணந்தபோது என் மகள் சட்டியைச் சுற்றி நடனமாடினாள். நானா கதிரையில் இருந்து என் சின்ன மகனை மடியில் வைத்திருந்தார்.

அப்போது இவர்களோடு வேலை செய்யும் ஒருவர் சைக்கிளில் வந்தார். நானாவைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார்.

"நீ இஞ்ச என்னடா செய்யிறாய்?"

"சோறு கொண்டு வந்தன். ஏன், ஒனக்கும் வேணுமா?"

"நீ இஞ்ச இருக்கேலாது. நீ பெரியாஸ்பத்திரியில கிடக்கிறாய். கையில அடி. கங்காணி உன்ர பேரைத்தான் குடுத்திருக்கிறார். வெளியில தலை காட்டாதை."

நானா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவருடைய பெயரில் ஆஸ்பத்திரியில் கிடப்பது யார் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நான் சின்னவனைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் குசினியில் அடுப்பை அணைத்தேனா என்ற யோசனை வந்தது. திரும்பவில்லை.

ஆண்கள் வாட்டில் இவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்றார் மிஸ்ஸி, அந்த வாட்டுத் தாதி.

"துறைமுகத்தில கை நசுங்கின ஆள்."

"அவர் முஸ்லிம் ஆளல்லோ. நீங்கள் ஆர்?" என்று கேட்டு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

நான் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசிக் கட்டிலில் இவர் கிடந்தார். பெட்டிகளைக் கட்டித் தூக்கிய வலை ஆடி வந்து, கையைப் பார்ஜின் விளிம்போடு வைத்து நசித்திருக்கிறது. என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்டும் சொல்லாதை. கங்காணி பாத்துக்கொள்ளுவார்."

கங்காணியின் கணக்கு இதுதான். வில்லை யாருடையதோ அவருக்குத்தான் விபத்து. நட்டஈடு நானாவின் பெயரில் வரும், நானா வாங்கி எங்களிடம் தருவார். "பேர் என்னவெண்டால் என்ன பிள்ளை, விசயம் முடிஞ்சால் சரிதானே" என்றார். எனக்கு அது பிழையாகப் பட்டது. ஆனால் படித்தவள் என்ற எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். விரல்களை வெட்டிக் கை தைக்கப்பட்டுக் கிடந்த மனிதனோடு கட்டிலடியில் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

நானாவின் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு வந்து போனார். எழுத்தின்படி அவருடைய கணவர் அல்லவா கிடந்தார்! நாங்கள் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துப் பார்த்து ஒரு நாள் இவரிடம் கேட்டே விட்டார். "ரெண்டு மனுசி, சண்டையுமில்லை. நீர் என்ன மருந்து குடுக்கிறனீர்? எனக்கும் சொல்லும்." இவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். அதன்பிறகு நாங்கள் சிரிக்க ஒன்றும் நடக்கவில்லை.

காயம் ஆறத் தொடங்கியபோது, காயப்பட்ட ஆளைத் தங்கள் டொக்டரிடம் வரச் சொல்லிக் கொம்பனி அறிவித்தது. படம் ஒட்டிய அடையாள அட்டையும் கொண்டு வரவேண்டும். அட்டையில் இருப்பது நானாவின் முகம். ஆகவே நானாதான் போனார். திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"தங்கச்சி, டொக்டர் என்ட கையைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. விரலை மடக்கச் சொன்னாரு. மடக்கினன். நீட்டச் சொன்னாரு. நீட்டினன். எங்க அடி எண்டாரு. நான் என்னத்தச் சொல்ல? காயம் மாறிட்டுது சேர் எண்டன்."

டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். கை இரண்டும் நலம், நிரந்தர ஊனம் இல்லை, வேலைக்குத் தகுதி. மூன்று விரல் வெட்டி எடுத்ததாக ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. வெட்டிய விரல் எப்படித் திரும்ப முளைத்தது என்று அந்த டொக்டர் கேட்கவில்லை. கேட்டால் வேலை கூடும் என்று நினைத்தாரோ தெரியாது. ஒரு மனிதனின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இன்னொரு மனிதனின் கையை இல்லாமல் ஆக்கலாம் என்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன்.

அதற்குப் பிறகு நான் கங்காணியின் கதையைக் கேட்கவில்லை. இவரையும் கூட்டிக்கொண்டு கொம்பனிக் கந்தோருக்குப் போனேன். படலையடியில் பகிடி விடுகிற அதே கிளாக்கர் மேசைக்குப் பின்னால் இருந்தார். இவரை இருக்கச் சொல்லவில்லை.

"பிள்ளை, உங்கட மனுசன் எங்கட ஆள்தான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனால் அண்டைக்கு எங்கட ஆளில்லை. அண்டைக்கு அவற்ர வில்லை பலகையில தொங்குது."

"அப்ப அண்டைக்குப் பார்ஜில நிண்டது ஆர் ஐயா?"

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம். அனுமதியில்லாமல் உள்ளுக்கு வந்திருக்கிறார். பொலிசுக்குக் குடுத்திருக்கலாம். நாங்கள் குடுக்கேல்ல."

"வில்லையைக் கையில வாங்கிப் போட்டது நீங்களல்லோ? போன தீபாவளிக்கு நானா இவற்ர வில்லையில வந்து கப்பல் நேரத்துக்குப் போனதெண்டு கங்காணிக்குச் சாரம் வாங்கிக் குடுத்ததும் கொம்பனிதானே?"

"கங்காணி கங்காணி. கொம்பனி கொம்பனி. நீங்கள் படிச்சனீங்கள், வித்தியாசம் தெரிய வேணும்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தேன். இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், இடது கையால். கிளாக்கர் இரங்கின குரலில் இன்னொன்றும் சொன்னார். கூட்டாளியைப் பார்க்க என் பாட்டில் உள்ளே போனேன், அங்கே அடிபட்டது என்று இவர் எழுதிக் கொடுத்தால், கருணையின் பேரில் கொம்பனி ஏதாவது பார்த்துச் செய்யுமாம். கருணை! வெயிலுக்குள் பெட்டி ஏற்றும்போது அவர் வேலையாள். கை போனதும் வேடிக்கை பார்க்க வந்தவர். வேலைக்கு ஒரு பெயர், காயத்துக்கு இன்னொரு பெயர். வீட்டுக்கு வரும்வரை நான் இவரோடு பேசவில்லை. பேசினால் கத்தியிருப்பேன். இவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று பிறகு யோசித்தேன். அந்தக் கந்தோரில் அவர் தலை குனிந்துகொண்டு நின்றதுதான்.

தொழிற் கந்தோருக்கு முறைப்பாடு எழுதினேன். எழுதிவிட்டு நாலு தரம் வாசித்து, இரண்டு தரம் கிழித்து, மூன்றாம் தரம் அனுப்பினேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாக விளங்கப்படுத்தினார். வில்லையில் என்ன பெயர் என்பது முக்கியமில்லையாம். கங்காணி பிடித்த ஆள், கொம்பனியின் வேலையை, கொம்பனிக்குத் தெரியச் செய்தான் என்று காட்டினால் கொம்பனிதான் பொறுப்பு. கொழும்பில் இருக்கும் நட்டஈட்டு ஆணையாளரிடம் முறைப்பாட்டை அனுப்பலாம். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு நித்திரை வந்தது. நானே சமைத்ததை நானே சுவைத்துச் சாப்பிட்டேன்.

பிறகு தீபாவளி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் பலகாரம் இல்லை. மகள் சோற்றைக் குழைத்து அப்பாவுக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. இவருக்கு இன்னும் வெட்கம் போகவில்லை. குசினிக்குள் பாரந்தூக்கி இரைவது வழக்கம்போலக் கேட்டது. தீபாவளிக்கும் கப்பல் நிற்கவில்லை என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அடுத்த முறை தொழிற் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் முகம் மாறியிருந்தது. கொம்பனியின் பதில் வந்திருக்கிறது. உங்கள் முறைப்பாட்டுக்காரர் தீபாவளியன்று முழு நாளும் எங்களிடம் பெட்டி ஏற்றியிருக்கிறார், அவருக்கு ஊனம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதிகாரி எங்களை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவருக்குத்தான் முதலில் விளங்கியது.

"என்ர வில்லை இன்னும் பலகையிலதானே இருக்கு" என்றார் மெல்ல.

அதுதான் நடந்திருக்கிறது. அன்றைக்கு ஆள் போதாமல், யாரோ ஒரு புதுப் பெடியனிடம் இவருடைய வில்லையைக் கொடுத்துக் கங்காணி வேலைக்கு இறக்கியிருக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் மாற்று நடக்கிறது. கப்பல் ஓடவேண்டும் என்றால் யார் யாராகவும் இருக்கலாம். மூன்று விரல் இல்லாத என் கணவர் தீபாவளியன்று வீட்டில் மகளின் கையால் சோறு தின்றுகொண்டே கப்பலில் பெட்டியும் ஏற்றியிருக்கிறார். எழுத்தின்படி பெருநாளன்று பார்ஜில் நின்றவர் அவர் இல்லை, தீபாவளியன்று நின்றவர் அவர்தான்! அப்போதுதான் அந்த அதிகாரி என்னிடம் கேட்டார், விபத்து நடந்த அன்று வேலை செய்துகொண்டிருந்தவர் யார் என்று.

"அம்மா, நான் நம்புறன். ஆனால் கொழும்பில நம்ப வேணும். அண்டைக்குத் தன்ர வில்லையைக் குடுத்தனான் எண்டு அந்தக் கிண்ணியா ஆள் வந்து சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதோட நேராகும். சாட்சி குடுக்கிற தவணையும் கிட்டுது."

"சொன்னால் அவற்ர வேலை?"

அவர் பேனாவை மூடினார். "நாளாந்தம் கூப்பிடுற ஆள். பறிக்கத் தேவையில்லை. கூப்பிடாமல் விட்டாலே போதும்."

"அதுக்குச் சட்டம் இல்லையோ?"

"இருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டனோ?"

சாட்சிக்கு வேறு யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். கங்காணி எங்கள் ஒழுங்கையால் வருவதை விட்டுவிட்டார். பார்ஜில் கூட நின்றவர்கள் எல்லோரும் வந்து கையைப் பார்த்து அழுதார்கள். சைக்கிளில் செய்தி கொண்டுவந்தவர் என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எல்லோருக்கும் ஒரு சோடி இருக்கிறது. ஒரு மாற்றைச் சொன்னால் எல்லா மாற்றும் வெளியில் வரும். அழுவதற்கு வில்லை தேவையில்லை. சாட்சி சொன்னால்தான் வில்லை போகும்.

நானா மட்டும் சொன்னார். "நான் வாறன் தங்கச்சி. கொழும்பெண்டாலும் வாறன். அவன் என்ட பெருநாளுக்குப் போனவன்."

இவர் விடவில்லை. எனக்கும் இவருக்கும் கலியாணம் கட்டியதிலிருந்து நடக்காத சண்டை அன்றைக்கு நடந்தது.

"அவனுக்கு நாலு பிள்ளையள்."

"எங்களுக்கு ரெண்டு. ரெண்டெண்டால் பசிக்காதோ?"

"என்ர கை போட்டுது. அவன்ர கையும் போக வேணுமோ?"

"அவருக்குக் கை போகாது. வேலைதான் போகும். வேற வேலை தேடலாம். நீங்கள் எதைக் கொண்டு தேடப் போறியள்?"

சொன்னபிறகுதான் அந்தச் சொல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தது. இவர் எழும்பி வெளியில் போனார். சட்டைப் பொத்தான் இரண்டு பூட்டாமல் கிடந்தது. வழக்கமாக நான்தான் பூட்டிவிடுவேன்.

இரண்டு நாள் கழித்து நானாவின் மனைவி வந்தார். கடைக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதை கடந்து, தனியாக வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"மச்சி, அவரு சாட்சி சொல்லுவாரு. நான் மறிக்க வரல்ல. ஒங்கட மனுசன் எங்களுக்காகப் போய்த்தான் இப்பிடி இரிக்கிறாரு, அது அல்லாவுக்குத் தெரியும். நீங்க படிச்ச ஆள். கந்தோருக்கெல்லாம் எழுதுறீங்க. ஒண்டு மட்டும் கேக்கிறன். அவரக் கூப்பிடாம விட்டா, எங்கட ஊட்டு அடுப்பு எரியாம இரிக்கக்குள்ள, அதுக்கும் எழுதித் தருவீங்களா? ஆருக்கு எழுதுவீங்க?"

எனக்கு முதலில் அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. மறிக்க வரவில்லை என்று சொல்லி மறிக்கிறாரே என்று நினைத்தேன். அவர் போனபிறகு பார்த்தால், அவர் கேட்டது, அதுக்குச் சட்டம் இல்லையோ என்று நான் தொழிற் கந்தோரில் கேட்ட அதே கேள்வி. பதிலும் அதே பதில்தான். ஒரே கொம்பனி இரண்டு குசினியின் நெருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் ஆளையாள் பார்த்துத் தீருங்கள் என்று தள்ளி நிற்கிறது. நாங்கள் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்து ஆத்திரப்படுகிறோம். அந்தக் கிளாக்கருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது என் மேசையில் இரண்டு கடதாசி இருக்கிறது. ஒன்று, நானா வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று நான் எழுதியது. இவருக்குத் தெரியாது. மற்றது, கருணைக்காகக் கொம்பனி கையெழுத்துக் கேட்டு அனுப்பியது. இவர் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகுகிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகளின் சிலேற்றில் கோணல் கோணலாக அவருடைய பெயர் நிறைந்திருக்கிறது. தன் பெயரில் தான் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் அந்தப் பெயரைப் பழகுகிறாரோ என்று பயப்படுகிறேன்.

வாசிப்பவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். துறைமுகத்திலும் மில்லிலும் தோட்டத்திலும் இப்படி அடிபட்டவர்களின் வீட்டார் இருப்பீர்கள். சாட்சி சொன்னவனை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவதைத் தடுக்க ஏதாவது வழி உண்டா? நானாவின் வாய் இல்லாமல், இந்தக் கை கொம்பனியின் வேலையில்தான் போனது என்று நிரூபிக்க முடியுமா? முடியாது என்றால், கணவரின் சொல்லைத் தாண்டி நான் அந்தக் கடதாசியை அனுப்புவது சரியா? அனுப்பினால் கிண்ணியாவில் நான்கு பிள்ளைகளின் முகத்தில் எப்படி முழிப்பது, அனுப்பாவிட்டால் என் இரண்டு பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? தவணை முடிய முன்னர் எழுதுங்கள். ஆறுதல் எழுத வேண்டாம். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எந்தக் கடதாசியைக் கிழிப்பீர்கள் என்று எழுதுங்கள்.